படத்தில் இல்லாத பின்பக்கம்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் வேலையில் சேர்ந்த முதல் மாதத்தோடு அது புழக்கத்திலிருந்து போய்விட்டது. பல் டாக்டரின் அறைக்குள் போன ஆள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வெளியே வந்ததும், வரவேற்பு மேசையில் பதிவேட்டை விட்டுக் கண்ணை எடுக்காமலே "நெக்ஸ்ட்" என்பாள். கத்த மாட்டாள், மிரட்ட மாட்டாள். இருந்தாலும் அந்த ஒரு சொல்லுக்கு ஆறு நாற்காலிகளில் இருப்பவர்களும் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளியப் பார்ப்பார்கள். அப்படியே நெக்ஸ்ட் அக்கா ஆகிப்போனாள். காய்கறிக்கடை வரிசையில் நின்றால்கூட, "நெக்ஸ்ட் அக்கா வந்தாச்சு, எல்லாரும் வாயைத் திறங்க" என்று யாராவது கேலி பண்ணுவார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். முப்பத்தேழு வருஷம் அந்த மேசையில் உட்கார்ந்தாள்.

மேசைக்கு நேர் எதிர்ச் சுவரில்தான் அந்தப் படம் தொங்கியது.

டாக்டர் அதை ஆசைப்பட்டு வாங்கவில்லை. மருத்துவமனை திறந்த புதிதில் அந்தச் சுவரில் ஈரம் ஊறிப் பெரிய கறை ஒன்று படர்ந்திருந்தது. எத்தனை தடவை வெள்ளையடித்தும் இரண்டு மாதத்தில் எட்டிப் பார்த்துவிடும். பழைய சாமான் கடையில், கறையின் அளவுக்குச் சரியாக இருந்த ஒரு படத்தை வாங்கி வந்து மாட்டிவிட்டார். அவ்வளவுதான் அவருக்கும் அதற்கும் இருந்த உறவு.

படத்தில் இருந்தது ஒரு நாட்டுப்புற வீடு. செங்குத்தாகச் சரிந்த ஓட்டுக் கூரை. இடது ஓரத்தில் புகைபோக்கி. பச்சைக் கதவு போட்ட ஐந்து ஜன்னல்கள். அதில் ஒன்று மட்டும் பாதி சாத்தியிருக்கும். மூன்று படி ஏறினால் சிவப்பு வாசற்கதவு. வலது பக்கம் ஒரு பெரிய மரம், வீட்டின் பக்கச் சுவரை முழுசாக மறைத்துக்கொண்டு நிற்கும். ஆள் நடமாட்டம் கிடையாது. வானம் மேலே நீலமாக ஆரம்பித்து, கீழே வர வர வெளுத்து, கூரையைத் தொடும் இடத்தில் ஆரஞ்சாகிவிடும். காலையா மாலையா என்று அடித்துச் சொல்ல முடியாது.

ஒரு தடவை, தாயின் மடியில் திமிறிக்கொண்டிருந்த குழந்தை செருப்பைக் கழற்றி வீச, படத்தின் கண்ணாடி உடைந்தது. புதுக் கண்ணாடி போட வந்த பிரேம் கடைக்காரர் படத்தைச் சட்டத்திலிருந்து உருவி அவள் மேசைமேல் வைத்தார். குனிந்து பார்த்தவர், நிமிர நேரமாயிற்று.

"இது கையால வரைஞ்சது இல்லம்மா. மரப்பலகையில செதுக்கி, மையைத் தடவி, தாளை வெச்சு ஒத்தி எடுத்தது. ஒரு நிறத்துக்கு ஒரு பலகை. இதுல எட்டுப் பலகையாவது இருக்கும். வயசு நூறுக்குக் குறையாது."

அவர் சொன்ன பிறகுதான் அவள் கண்ணுக்கு எல்லாம் வேறு மாதிரி தெரிந்தது. வானத்தில் காற்று என்று அவள் நினைத்திருந்த மெல்லிய கோடுகள் மரத்தின் ரேகைகள். வாசற்கதவின் சிவப்பு, கோட்டைத் தாண்டி ஒரு நூலளவு சுவரில் வழிந்திருந்தது.

"இது ஏன் இப்படி?"

"பலகை கொஞ்சம் நகர்ந்திருக்கும். அச்சுப் போட்டவர் கை அசந்திருக்கும், வேறென்ன?"

யாரோ ஒருவருக்கு ஏதோ ஒரு நாள் கை அசந்தது இத்தனை காலம் கழித்து இந்த மேசையில் தெரிகிறதே என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. அன்றையிலிருந்து அந்தப் படத்தைச் சுவரில் மாட்டிய சாமானாக அவளால் பார்க்க முடியவில்லை.

மீட்டர்காரர் வந்தது அதற்கு அடுத்த வருஷம்.

மின்சார அலுவலகத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதுகிற வேலை அவருக்கு. ஊரில் அவர் காலடி படாத வீடு கிடையாது. நாய்க்குப் பயமில்லை, இருட்டு மாடிப்படிக்குப் பயமில்லை. பல் டாக்டர் என்றால் மட்டும் குலை நடுங்கும். இரண்டு தடவை வந்து, உள்ளே இயந்திரம் "ர்ர்ர்" என்று இரைகிற சத்தம் கேட்டதும், ஏதோ மறந்ததுபோல் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே நழுவிவிட்டார். மூன்றாவது தடவை கன்னம் வீங்கி வந்தார். அவர் கண் வாசல் பக்கம் போவதை அவள் கவனித்துவிட்டாள்.

"சார், அந்தச் சத்தத்தைக் கேக்காதீங்க. எதிர்ல இருக்கிற படத்தைப் பாருங்க. எத்தனை ஜன்னல் இருக்குன்னு எண்ணுங்க."

பயந்தவர்களுக்கெல்லாம் அவள் சொல்கிற வைத்தியம் அது. எல்லோரும் ஐந்து என்று எண்ணிவிட்டு மறுபடி வாசலைப் பார்ப்பார்கள். இவர் எழுந்து படத்துக்கு அருகில் போய் நின்றார். கண்ணாடிமேல் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை விரலை ஓட்டினார்.

"மீட்டரை எங்க வெச்சிருப்பாங்க?" என்றார் கடைசியில், வீங்கிய கன்னத்தோடு.

"என்னது?"

"இந்த வீட்டுக்கு. முன்பக்கத்துல இல்ல. மரத்துக்குப் பின்னாடிதான் இருக்கணும். அங்க ஒரு சின்னக் கதவு இருக்கும் பாருங்க. சமையலறைக் கதவு."

"அந்தக் காலத்துல மின்சாரமே இருந்திருக்காது சார்."

"அப்ப நான் எதுக்குப் பிறந்தேன்?" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அன்று பல்லைப் பிடுங்கிக்கொண்டு போனவர், மறு வாரம் பிடுங்கின இடத்தைக் காட்ட வந்தார். அதற்கடுத்த வாரம் காட்ட எதுவுமில்லாமலே வந்தார். "ஆறிடுச்சே, அப்புறம் எதுக்கு வர்றார்?" என்று டாக்டர் கேட்டார். அவள் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் கல்யாணம் ஆயிற்று.

பதினோரு வருஷத்தில் நான்கு வாடகை வீடு மாறினார்கள். முதல் வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. இரண்டாவதில் மாடியில் துணி காயப்போடக் கூடாது. மூன்றாவதில் வீட்டுக்காரம்மாவுக்கு, இவர்களுக்குப் பிறந்த மகளின் அழுகை ஆகவில்லை. நான்காவதில் சிரிப்பே ஆகவில்லை. மீட்டர்காரருக்கு வாடகை வீட்டில் குடியிருப்பதைவிட, தினமும் முப்பது நாற்பது பேரின் சொந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்து குடியிருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவர் பேச்சே வீடுகளைப் பற்றித்தான் இருக்கும்.

"இன்னைக்கு ஒரு வீட்டைப் பாத்தேன். ஹாலு திருவிளையாடல் நாடகம் போடற அளவுக்கு இருக்கு. ஆனா வீட்டம்மா நின்னு சமைக்கிற இடம் கைக்குட்டை அகலம்."

"நம்ம வீட்ல எப்படி இருக்கும்?" என்பாள் அவள்.

நம்ம வீடு என்றால் படத்து வீடுதான். அது இருவருக்கும் எப்போதோ பழக்கமாகிவிட்டது. பாதி சாத்திய ஜன்னல் எந்த அறை என்பதில் அவர்களுக்குள் தீராத வழக்கு. படுக்கையறை என்பாள் அவள். சாமான் போட்டு வைக்கிற அறை, அதனால்தான் யாரும் சரியாகச் சாத்தவில்லை என்பார் அவர்.

மகளுக்கு எட்டு வயதாகும்போது, அவருடைய அப்பா வழியில் ஊர் எல்லையில் ஒரு துண்டு நிலம் கிடைத்தது. முன்னால் புழுதிச் சாலை. பக்கத்தில் வீடு கிடையாது. ஒரு பக்கம் மட்டும் பெரிய மரம் ஒன்று நின்றது. அதைப் பார்த்ததும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கட்டிடலாமா?" என்றாள்.

"எதை?"

"எதையா? நீங்கதானே பத்து வருஷமா மீட்டருக்கு இடம் தேடிட்டு இருக்கீங்க!"

கொத்தனாரைப் பிடித்தார்கள். நல்ல வேலைக்காரர், கூடவே நல்ல வாயாடி. படத்தைப் பார்க்காமல் அவரால் ஆரம்பிக்க முடியாது. கழற்றிக் கொண்டுபோனால் கறை தெரியும், டாக்டர் கேட்பார். "உங்க சுவர்ல இருக்கிற வீட்டைக் கட்டப் போறோம்" என்று அவரிடம் சொல்ல அவளுக்குக் கூச்சம். ஆகவே கொத்தனார் ஒரு நாள் மருத்துவமனைக்கு நேரில் வந்தார். அளவு நாடாவை எடுத்துப் படத்தின் கதவை அளந்தார், ஜன்னலை அளந்தார். வாயைப் பிளந்தபடி விரல் விட்டு மனக்கணக்குப் போட்டார். அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த டாக்டர் பிளந்த வாயைத்தான் முதலில் பார்த்தார்.

"அடடா, என்ன இது! இப்படி வெச்சுக்கிட்டு எப்படித் தூங்கறீங்க? உள்ள வாங்க."

"ஐயா, நான் வந்து..."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. வாங்க."

ஆறு நாற்காலியும் அவரையே பார்த்தது. பயந்தாங்கொள்ளி என்ற பேர் வாங்கக் கொத்தனாருக்கு மனசு வரவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனார். அரை மணி கழித்துக் கன்னத்தில் பஞ்சோடு வந்து, மேசையில் கையை ஊன்றி, "ஹதவு ஆரு அடி ஹோதுமா அக்கா?" என்றார். அவள் பதிவேட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வேலை ஆரம்பித்தது. முன்பக்கம் மளமளவென்று எழும்பியது. புகைபோக்கியில்தான் முதல் சண்டை.

"அக்கா, இது படுக்கையறைக்கு மேல வருது. படுக்கையறைக்கு எதுக்குப் புகைபோக்கி? சார் என்ன ரயில் எஞ்சினா?"

"படத்துல இருக்கு."

"படத்துல இருக்கிறவங்க அடுப்பு எரிச்சாங்க. நீங்க எரிக்கப் போறீங்களா?"

"நீங்க கட்டுங்க."

கட்டினார். முதல் மழைக்கு அது நேராகத் தலையணையில் ஊற்றியது. மீட்டர்காரர் ஏணி வைத்து ஏறி ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துவிட்டு வந்தார். வண்ணம் அடிக்க வந்தவருக்கு வேறு சந்தேகம். மீட்டர்காரர் தாளில் வரைந்து கொடுத்திருந்த குறிப்பில், கதவுச் சிவப்பு சுவரில் வழிந்த அந்த நூலளவும் இருந்தது. "இதையும் அடிக்கணுமா சார்? பாக்கிறவங்க எனக்கு வேலை தெரியலைன்னு சொல்வாங்களே" என்று புலம்பினார். "அடிங்க. கேட்டா என் பேரைச் சொல்லுங்க" என்றார் அவர்.

ஆனால் உண்மையான சிக்கல், முன்சுவர் முடிந்து கொத்தனார் மறுபக்கம் திரும்பியபோதுதான் வந்தது.

"சரி அக்கா, முன்னாடி பாத்தாச்சு. பின்னாடி என்ன இருக்கு?"

மீட்டர்காரர் வரைந்த தாளை இருவரும் திருப்பிப் பார்த்தார்கள். படம் முன்பக்கத்தைக் காட்டியது. பக்கச் சுவரை மரம் மறைத்துவிட்டது. பின்பக்கம் படத்தில் இல்லவே இல்லை.

"நாளைக்குள்ள சொல்லுங்க. செங்கல் காத்துக்கிட்டு இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கொத்தனார் டீ குடிக்கப் போய்விட்டார்.

அன்று மகளோடு மூவரும் மணல் குவியல்மேல் உட்கார்ந்து பின்பக்கத்தை யோசித்தார்கள். சமையலறைத் தொட்டிக்கு நேரே தாழ்வாக ஒரு ஜன்னல் வேண்டும், பாத்திரம் கழுவும்போது சுவரைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது என்றாள் அவள். உட்கார்ந்தால் கால் தரையைத் தொடக் கூடாது, அவ்வளவு உயரமான படி வேண்டும் என்றாள் மகள். மீட்டர்காரர் மணலில் குச்சியால் ஒரு சதுரம் வரைந்தார். பிறகு, "மீட்டர் வெளியில இருக்கணும். அதுக்கு மேல ஒரு சாய்ப்பு. கீழே ஒரு பெஞ்சு, பக்கத்துல ஒரு குழாய்" என்றார். "வெயில்ல சுத்திட்டு வர்றவன் வீட்டுக்காரங்களைக் கூப்பிடாம உக்காந்து, தண்ணி குடிச்சுட்டு, எழுதிட்டுப் போகணும். நான் போற வீடு ஒண்ணுலகூட அப்படி இல்ல."

அப்படித்தான் அந்தப் பின்பக்கம் உருவாயிற்று. முன்பக்கத்துக்கே கையிலிருந்த காசெல்லாம் கரைந்துவிட்டதால், இடித்த பள்ளிக்கூடம் ஒன்றின் பழைய ஜன்னல்களை வாங்கிப் போட்டார்கள். ஒன்று உயரம், ஒன்று குட்டை. ஒன்றில் யாரோ காம்பஸ் முனையால் பெருக்கல் வாய்ப்பாடு கீறியிருந்தார்கள், ஏழாம் வாய்ப்பாட்டில் ஒரு தப்போடு. முன்னால் பார்த்தால் மாப்பிள்ளை, பின்னால் பார்த்தால் மாப்பிள்ளையின் துவைக்காத லுங்கி என்று கொத்தனார் சொன்னார்.

பதினாறு வருஷம் அந்த வீட்டில் மூவருமாக வாழ்ந்தார்கள். அந்த வருஷங்களைப் பற்றிக் கேட்டால் அவளால் வரிசையாகச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே நாளாக நினைவிருக்கிறது. காலையில் படியிறங்கி, சிவப்புக் கதவைச் சாத்தி, பேருந்து பிடித்துப் போய் மேசையில் உட்கார்ந்தால் எதிரில் அதே வீடு. நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே "நெக்ஸ்ட்" சொல்லிவிட்டு, மாலையில் கிளம்பி அதற்குள்ளேயே திரும்பிப் போவாள். இப்படி ஒரு வாழ்க்கை வேறு யாருக்கு அமைந்திருக்கும் என்று பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து சில நாள் தனக்குள் சிரித்துக்கொள்வாள். புழுதிச் சாலை தார்ச்சாலை ஆனது. வழியில் போகிறவர்கள் நின்று படமெடுத்துக்கொண்டார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள், "உங்க வாசல்ல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டு வருவார்கள். மீட்டர்காரர் உடனே உள்ளே ஓடி ஜன்னலைப் பாதி சாத்திவிட்டு வருவார்.

மகள் படித்தாள், வேலை கிடைத்து வேறு நகரம் போனாள், அங்கேயே கல்யாணமும் முடித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பின்பக்கப் பெஞ்சில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்த மீட்டர்காரர், "தண்ணி கொண்டா" என்றார். பக்கத்திலேயே குழாய் இருக்க இவர் ஏன் கேட்கிறார் என்று அவள் நினைத்தாள். கொண்டு வந்தபோது தாள் கீழே கிடந்தது. அவர் சுவரில் சாய்ந்திருந்தார். ஐம்பத்தாறு வயது. தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. அந்த மாதம் மீட்டர் எழுத வந்த புது ஆள் பெஞ்சில் உட்காரவில்லை. நின்றபடியே எழுதிக்கொண்டு, கதவைத் தட்டி, "அண்ணன் எனக்கு வேலை கத்துக் குடுத்தவர்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு வருஷம் கழித்துச் சாலையை அகலப்படுத்துகிறவர்கள் வந்தார்கள். முன் ஹாலுக்குள் சங்கிலி போட்டு அளந்து, நடுச்சுவரில் மஞ்சள் சாயத்தால் ஒரு கோடு கிழித்தார்கள்.

"இது வரைக்கும் வரும்மா."

"எது வரைக்கும்?"

"இந்தக் கோடு வரைக்கும் ரோடு."

கோட்டுக்கு அந்தப் பக்கம் சிவப்புக் கதவு, மூன்று படி, ஐந்து ஜன்னல், புகைபோக்கி, படுக்கையறை. மரமும் போகும். இந்தப் பக்கம் சமையலறை, மகளின் சின்ன அறை, சாய்ப்பு. அவள் மனுக் கொடுத்தாள், அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். கோடு மட்டும் ஓர் அங்குலம் நகரவில்லை.

"அம்மா, எதுக்கு அங்க தனியாக் கஷ்டப்படறே? இங்க வந்துடு" என்று மகள் போனில் மன்றாடினாள்.

"பாக்கலாம்."

"என்ன பாக்கலாம்? வீடே இல்லைங்கறாங்க."

"முழுசா இல்லைன்னு யாருடி சொன்னது?" என்று சொல்லிவிட்டாளே தவிர, போனை வைத்ததும் அவளுக்கே அதில் நம்பிக்கையில்லை.

இடிக்கிற அன்று கொத்தனார் வந்தார். யாரும் கூப்பிடவில்லை, கேள்விப்பட்டு வந்தார். இப்போது முடி முழுக்க நரைத்திருந்தது. அவள் பக்கத்தில் நின்றுகொண்டு இயந்திரத்தின் கையைப் பார்த்தார். முதல் அடி புகைபோக்கியில் விழுந்தது. அது தகர டப்பாவோடு சாய்ந்தது. ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்திருந்தார். அவள் எதிர்பார்த்ததும் அதுதான். கண்ணில் தூசிதான் விழுந்தது.

"ஒரு செங்கல்கூட லேசுல வரலை பாத்தீங்களா?" என்றார் கொத்தனார். "மெஷின்காரனே திணறிட்டான்."

"நல்லாத்தான் கட்டினீங்க."

"மறுபடி முன்பக்கம் ஒண்ணு எழுப்பிடலாமா அக்கா? சின்னதா. கதவும் ரெண்டு ஜன்னலும்."

அவள் யோசித்தாள். "வேண்டாம். இந்த நடுச்சுவரை மட்டும் மழை இறங்காம பூசிக் குடுங்க. நான் பின்பக்கமா வந்து போய்க்கறேன்."

மாலையில் அவர் போன பிறகு, சமையலறைக்குள் போனாள். தொட்டியில் காலையில் போட்ட இரண்டு தட்டு கிடந்தது. குழாயைத் திறந்தாள். எதிரே தாழ்ந்த ஜன்னல். வெளியே பெஞ்சு, சாய்ப்பு, மகள் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்த படி. எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. முன் ஹாலில் விருந்தாளி வந்தால்தான் உட்கார்ந்தார்கள் என்பது அவளுக்கு அப்போது உறைத்தது. சாப்பிட்டது, சண்டை போட்டது, மகளுக்குத் தலை பின்னியது, அவர் செய்தித்தாள் படித்தது, எல்லாமே இந்தப் பக்கம்தான். அதற்குப் பிறகு அழுகை வந்தது. குழாயை மூடாமலே அழுதாள்.

மறுநாள் விடுப்பு எடுக்கவில்லை. வேலைக்குப் போனாள். எதிரில் படம் அப்படியே இருந்தது, ஓர் ஓடு குறையாமல். மேசைக்குப் போகாமல் நோயாளிகளின் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். முப்பத்தைந்து வருஷத்தில் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததே இல்லை. டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"என்னாச்சு? உங்களுக்கே பல்வலியா?"

"இல்ல டாக்டர். நேத்து எங்க வீட்டு முன்பக்கத்தை இடிச்சுட்டாங்க."

"கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தமா இருந்துச்சு."

"அது இந்த வீடு டாக்டர்."

அவர் புரியாமல் பார்த்தார். அவள் படத்தைக் காட்டினாள். பிறகு ஜன்னல் எண்ணச் சொன்னதிலிருந்து, மனக்கணக்குப் போட வந்து பல்லைக் கொடுத்துவிட்டுப் போன கொத்தனார் வரை எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப அந்த ஆளுக்குப் பல்வலியே இல்லையா?"

"இல்ல. ஆனா சொத்தை இருந்துச்சாம். அவரே சொன்னார்."

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இதுல மரம் இருக்கிறதே எனக்குத் தெரியாது" என்றார். "நான் எப்பவும் என் அறைக் கதவைத் திறந்து, நாற்காலியில இருக்கிற ஆட்களைத்தான் பாத்திருக்கேன். ஒரு தடவை என் வீட்டுக்காரி சொன்னா, நல்ல படம், வீட்டுக்குக் கொண்டாங்கன்னு. கறைக்கு என்ன பண்றதுன்னு கேட்டு விட்டுட்டேன்." அவருடைய மனைவி இறந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. "இப்ப அவளைக் கேக்க முடியாது, இதுல அவளுக்கு எது பிடிச்சுதுன்னு."

இரண்டு வருஷம் கழித்து அவர் மருத்துவமனையை மூடியபோது, படத்தைத் தாளில் சுற்றித் தானே எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தார். முன் வாசலைத் தேடிச் சாலையோரம் திண்டாடி, சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்து சேர்ந்தார். பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார். கிளம்பும்போது, "கறை இப்ப பளிச்சுன்னு தெரியுது. வாடகைக்கு வர்றவங்க பாத்துக்கட்டும்" என்றார். அதன் பிறகு மாதத்துக்கு ஒரு தடவையாவது வந்துவிடுகிறார். வீட்டுக்குள் போய்ப் படத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உட்காருவார். எதைப் பார்க்கிறார் என்று அவள் கேட்பதில்லை.

படம் மகளின் சின்ன அறையில், வெயில் விழாத சுவரில் இருக்கிறது. போன விடுமுறைக்கு மகள் வந்திருந்தாள். பழைய போட்டோக்களை எல்லாம் தரையில் பரப்பிப் பார்த்தவள், திடீரென்று நிமிர்ந்தாள்.

"அம்மா, எல்லாத்துலயும் வாசல்தான் இருக்கு. பின்பக்கத்தை ஒருத்தர்கூட எடுக்கலையே. அப்பா பெஞ்சுல உக்காந்த மாதிரி ஒண்ணுகூட இல்ல."

"அதை யார் எடுப்பாங்க? அழகாவா இருக்கு?"

"வா, இப்ப எடுக்கறேன்."

மகள் போனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மாவும் பின்னாலேயே போனாள்.

"இருடி, கொடியில துணி கிடக்கு. எடுத்துட்டு வர்றேன்."

"கிடக்கட்டும்மா."

"ஜன்னலை மறைக்குதே."

"மறைக்கட்டும். நீ பெஞ்சுல உக்காரு."

உட்கார்ந்தாள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மடியில் வைத்தாள். மகள் எடுத்த படத்தில், கொடியில் காயும் துண்டு ஒன்று ஜன்னலில் பாதியை மறைத்திருக்கிறது. குழாய் சொட்டிய ஈரம் தரையில் தெரிகிறது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருக்கிறாள். துணியை எடுத்திருக்கலாம் என்றுதான் சொல்ல வந்தாள்.